வலையில் வளர்ந்த மரியாதை

மனிதர் பலர் கூடும் இடம் எதுவாயினும் அங்கே நாளடைவில் ஒரு மரியாதை தானே தோன்றிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. யாரோ சிலர் பிரயாசைப்பட்டு அதை உண்டாக்குகிறார்கள். வேறு சிலர் பின்வருவோருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பது நின்ற தலைமுறையில் அதுவும் நலிந்துவிடுகிறது. கோயில் மண்டபத்தின் சம்பிரதாயத்தையோ சந்தைக்கடையின் நாணயத்தையோ கொண்டு இதை நிரூபிக்க வேண்டுமானால், பல நூற்றாண்டுகள் பின்னே சென்று கல்வெட்டையும் செவிவழிச் செய்தியையும் ஆராய வேண்டியிருக்கும். கணினி வலையிலோ ஒரு மரியாதையின் பிறப்பும் வளர்ச்சியும் தளர்ச்சியும் ஒரு மனிதனின் ஆயுளுக்குள்ளேயே நடந்திருக்கின்றன. இணையத்தில் பொறுப்புள்ள பிரஜைகளாக நடந்துகொள்ளக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் கவலையோடு பேசுகிற இந்நாளில், அந்தக் கல்வியை நமக்கு முன்பே ஒரு சமூகம் எப்படி நடத்திப் பார்த்தது, எதில் வெற்றி கண்டது, எதில் தோற்றது என்று அறிந்துகொள்வது அவசியமாகிறது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் 1969இல் தொடங்கப்பெற்ற ஆர்பாநெட் என்னும் வலை, பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருந்த கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தது. அதில் பங்குகொண்டவர்களின் முகவரிகள் எல்லாம் அச்சிட்ட ஒரு புத்தகத்துக்குள் அடங்கிவிட்டன. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கணினிக் கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், கலிபோர்னியாவில் நடக்கவிருந்த புதுக் கணினிக் காட்சிக்கு அழைப்பு விடுக்க எண்ணி, அந்தப் புத்தகத்திலிருந்து மேற்குக் கரைவாசிகள் ஏறக்குறைய நானூறு பேரின் முகவரிகளை எடுத்து, எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவைத்தார். முகவரிகள் அவற்றுக்குரிய இடம் கொள்ளாமல் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. பெற்றவர்கள் விஷயத்துக்கு வருமுன் பிறருடைய முகவரிகளின் நீண்ட வரிசையைக் கடந்தாக வேண்டியிருந்தது. பலருக்குக் கோபம் மூண்டது. வலையை நிர்வகித்த அரசாங்க அதிகாரி, அரசாங்கக் காரியத்துக்கென ஏற்பட்ட வலையை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது விதிமீறல் என்று கண்டித்தார். வலைக்கு உடைமையாளர் ஒருவர் இருந்தார், அவர் கண்டித்தார், மற்றவர் அடங்கினர். கண்டிப்பதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் மனிதர் எப்படி நடந்துகொள்வர் என்ற கேள்விக்கு விடை வேறொரு வலையில்தான் கிடைத்தது.

அந்த வேறொரு வலை யூஸ்நெட். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரு பட்டமேற்படிப்பு மாணவர்கள் 1979இல் அதைப் பற்றி யோசித்தார்கள். அருகிலுள்ள சேப்பல் ஹில்லில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பெல்லோவின் அதற்கு முதல் நிரலை எழுதிக் கொடுத்தார். ஆர்பாநெட்டில் சேருவதற்குப் பாதுகாப்புத் துறையின் தொடர்பும் ஏராளமான பணமும் வேண்டும். இவர்களிடம் இரண்டும் இல்லை. யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமை இயங்கும் ஒரு கணினி, ஒரு தொலைபேசி இணைப்பு, மோடம் ஒன்று, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசியில் அழைத்துத் தன்னிடமுள்ள புதிய கட்டுரைகளைக் கொடுத்துவிட்டு, அதனிடமுள்ளவற்றை வாங்கிக்கொள்ளும். வாங்கியது அடுத்த ஊர்க் கணினியை அழைத்து அவ்வாறே செய்யும். இப்படிக் கைமாறிக் கைமாறி ஒருவர் எழுதியது தேசமெங்கும் பரவும். 1980 ஜனவரியில் கொலராடோவில் கூடிய யுனிக்ஸ் பயனர் மாநாட்டில் இந்த ஏற்பாட்டை அவர்கள் அறிவித்தபோது, நாள் ஒன்றுக்கு ஒன்றிரண்டு கட்டுரைகளுக்கு மேல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இந்த வலைக்குத் தலைவர் இல்லை, தலைமை அலுவலகம் இல்லை, சட்டம் இல்லை. ஆனால் செலவு இருந்தது. அந்தச் செலவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆரம்ப நாட்களில் கையாண்ட மோடம் ஒரு விநாடிக்கு முப்பது எழுத்துகளையே கடத்தும்; இரண்டாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு சிறு கட்டுரை ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். அந்த நிமிஷத்துக்குத் தொலைதூரக் கட்டணத்தை ஒரு பல்கலைக்கழகமோ ஒரு கம்பெனியோ கொடுத்தாக வேண்டும். கட்டணம் குறையும் இரவு நேரத்திலேயே கணினிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழைத்தன. 1978இல் கண்டனத்துக்கு ஆளான அதே டிஜிட்டல் கம்பெனியின் நியூ ஹாம்ப்ஷயர் அலுவலகத்துக் கணினியொன்று, பின்னாளில் பிற ஊர்களுக்காகப் பெருந்தொகையான தொலைபேசிச் செலவை வாய்திறவாமல் சுமந்தது என்பதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஏரிக்கரையைக் காக்கும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நின்ற காலத்தில், மடையை வீணாகத் திறந்துவிடுபவனை ஊரே கேள்வி கேட்டது. தன் தோளில் மண் சுமந்தவனுக்கு நீரின் அருமை தெரியும். யூஸ்நெட்டின் மரியாதைக்கும் வேர் அதுவே.

எழுதுகிறவனுக்கு அந்தச் செலவை நினைவூட்ட ஓர் ஏற்பாடும் இருந்தது. லாரி வால் என்ற நிரலாளர் 1984இல் வெளியிட்ட ஆர்.என். என்னும் வாசிப்பு நிரலைக் கொண்டு கட்டுரை அனுப்ப முயன்றவருக்குத் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றும். இந்தச் செய்தி நாகரிக உலகெங்கிலுமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப் போகிறது. இதை அனுப்புவதால் வலைக்கு நூற்றுக்கணக்கில், ஏன், ஆயிரக்கணக்கில்கூட டாலர் செலவாகும். என்ன செய்கிறோம் என்பதை அறிந்துதான் செய்கிறீர்களா என்ற பொருள்பட அது பேசும். பிறகு, நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டு நிற்கும். யோசிக்காமல் விசையைத் தட்டினால் விடை ‘வேண்டாம்’ என்றே கொள்ளப்படும். வேண்டுமென்றால் அதற்குரிய எழுத்தைத் தேடித் தட்ட வேண்டும். அந்த ஒரு கணத்தில் எத்தனையோ பேர் தாம் எழுதிய கோபத்தை மீண்டும் ஒரு முறை படித்திருப்பார்கள். யந்திரம் யாரையும் தடுக்கவில்லை. யோசிப்பதற்கு ஓர் இடைவெளியை உண்டாக்கியது; முடிவை மனிதனிடமே விட்டது.

இந்த உணர்விலிருந்து கிளைத்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கட்டுரையின் அடியில் இடும் கையெழுத்துப் பகுதி நான்கு வரிக்கு மேற்போகக் கூடாது. ஏனெனில் ஒவ்வொரு கட்டுரையோடும் அது மீண்டும் மீண்டும் பயணம் செய்யும். பிறர் எழுதியதை எடுத்தாளும்போது தேவையான வரிகளை மட்டும் எடுத்தாள வேண்டும். புதிதாக எழுதியதைவிட எடுத்தாண்ட வரிகள் மிகுந்திருந்தால் சில நிரல்கள் கட்டுரையை ஏற்கவே மறுத்தன. கேள்வி கேட்டவர், தமக்குத் தனி அஞ்சலில் வந்த விடைகளைத் தொகுத்துச் சாரத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். அதனால் ஒருவர் பெற்ற உபகாரம் எல்லோருக்கும் உபகாரமாகும். மறுப்பு எழுதுமுன் ஏற்கெனவே வந்த மறுப்புகளையெல்லாம் படித்துவிட வேண்டும். பிறருடைய எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிப் பரிகாசம் செய்யலாகாது. சக் வான் ராஸ்பாக் என்பவர் 1980களில் எழுதிப் புதியவர்களுக்கென்றே அடிக்கடி வெளியிடப்பட்ட ஒரு கையேடு இவற்றையெல்லாம் விளக்கிற்று. அது தலையாய விதியாக வைத்தது, திரைக்கு அப்பால் இருப்பவரும் ஒரு மனிதர் என்பதை ஒருபோதும் மறக்கலாகாது என்பதைத்தான்.

முகம் தெரியாத பேச்சில் விபரீதம் எவ்வளவு எளிதில் விளையும் என்பதற்கு, யூஸ்நெட்டுக்கு வெளியே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின் அறிவிப்புப் பலகையில் 1982 செப்டம்பரில் நடந்த சம்பவம் நல்ல உதாரணம். அறுந்து விழும் ஒரு லிஃப்டுக்குள் பாதரசத் துளி ஒன்று இருந்தால் அது என்னாகும் என்பது போன்ற பௌதிகப் புதிர்களை அங்கே சிலர் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அதையொட்டி ஒருவர், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டதாக வேடிக்கைக்கு ஓர் எச்சரிக்கை எழுதினார். முன்கதை அறியாதவர்கள் அதை மெய்யென்றே நம்பினார்கள். இனிமேல் வேடிக்கையை வேடிக்கை என்று குறிப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற யோசனை எழுந்தது. பலர் பல குறிகளைச் சொன்னார்கள். செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற விஞ்ஞானி, முக்காற்புள்ளி, சிறுகோடு, வலப்புற வளைவு அடைப்பு ஆகிய மூன்றையும் வரிசையாக இட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம் தெரியும் என்று எழுதினார். இன்று கோடிக்கணக்கானோர் பொழுதுபோக்காக அனுப்பும் சிரித்த முகங்களின் மூதாதை, நம் சொல்லைக் கேட்பவர் நம் முகத்தைக் காணவில்லையே என்ற அக்கறையில் பிறந்தது.

இதே அக்கறையின் மற்றொரு வடிவம், பதின்மூன்று எழுத்து நகர்த்தும் முறை. யூஸ்நெட்டின் கட்டுரைகள் பொருள்வாரியாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன; அவற்றுள் நகைச்சுவைக் குழுவில் சிலர் மனம் புண்படக்கூடிய துணுக்குகளும் வந்தன. அவற்றைத் தடை செய்யவேண்டும் என்றனர் சிலர், சுதந்திரம் என்றனர் சிலர். இறுதியில் கண்ட சமரசம் இது: ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துகளில் ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிவிட்டால் வாசகம் பொருளற்ற எழுத்துக் கூட்டமாகக் காணும், படிக்க விரும்புகிறவர் ஒரு விசையைத் தட்டினால் மீண்டும் பதின்மூன்று இடம் நகர்ந்து பழைய வாசகம் வந்துவிடும். இதில் ரகசியம் ஏதுமில்லை, எவரும் அவிழ்க்கலாம். எழுதியவர் தம் சொல்லைப் பிறர் கண்ணில் வலிந்து திணிக்கவில்லை. படிக்க விரும்பியவர் தாமே முன்வந்து படித்தார். திரைப்படத்தின் முடிவைச் சொல்லிவிடும் விமரிசனங்களையும் இப்படியே மூடி எழுதினார்கள். வாசகர் பக்கத்திலும் இதற்கு ஈடான ஒரு கருவி இருந்தது. தமக்கு வெறுப்பூட்டும் ஒருவரின் எழுத்தைத் தம் திரையில் மட்டும் தோன்றாமல் செய்துகொள்ளும் வசதியை ஆர்.என். நிரல் கொடுத்திருந்தது. சண்டைக்குப் போகாமல் விலகி நடக்க அது வழி செய்தது.

இவ்வளவையும் புதியவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதே நம் விசாரணைக்கு முக்கியம். வலை அந்நாளில் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் இருந்ததால், ஆண்டுதோறும் செப்டம்பரில் கல்லூரி திறக்கும்போது புதிய மாணவர்கள் திரளாக வந்தார்கள். அவர்கள் சோதனை என்று எழுதி உலகெங்கும் அனுப்பினார்கள். ஆயிரம் முறை கேட்கப்பட்ட கேள்வியை ஆயிரத்தொன்றாம் முறை கேட்டார்கள். அற்ப விஷயத்துக்குச் சினந்தார்கள். மூத்தவர்கள் சலித்துக்கொண்டாலும் கற்பித்தார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை தொகுத்து மாதந்தோறும் வெளியிடும் வழக்கம் இப்படியே வேரூன்றியது. புதியவர்களுக்கென்றே தனியாக ஓர் அறிவிப்புக் குழு இருந்தது. ஜீன் ஸ்பாஃபோர்ட் என்ற கணினிப் பேராசிரியர் பல ஆண்டுகள் அதன் பாடங்களைத் திருத்தியும் புதுக்கியும் வெளியிட்டு வந்தார். தவறு செய்தவருக்குத் தனி அஞ்சலில் எழுதிப் புரியவைப்பதே உத்தமம், பொதுவில் கண்டிப்பது அதமம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை. எழுதத் தொடங்குமுன் சில வாரங்கள் வாளாவிருந்து படித்து, அந்தக் குழுவின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் போதிக்கப்பட்டது. டிசம்பர் மாதத்துக்குள் பெரும்பாலோர் கற்றுக்கொண்டார்கள். கற்றவர்களே அடுத்த செப்டம்பரில் ஆசிரியர்களானார்கள்.

இந்தச் சமூகத்தை ஒரு பொற்காலமாக வருணிப்பது நேர்மையாகாது. அது பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற, படித்த, அமெரிக்க ஆடவர்களின் சமூகம். பெண்களுக்கு அங்கே எப்போதும் இணக்கமான வரவேற்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. அற்பக் காரணங்களுக்காக வாரக் கணக்கில் வசைமாரி பொழிந்துகொண்டவர்களும் உண்டு. சில மூத்தவர்கள் புதியவர்களிடம் விதியைக் காட்டிலும் தம் செருக்கையே காட்டினார்கள். ஆயினும் குற்றம் நடந்தபோது அதைக் குற்றம் என்று அடையாளம் காண அவர்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது; அந்த அளவுகோலை அடுத்தவருக்குக் கொடுக்க ஒரு முறையும் இருந்தது.

1993இல் அந்த முறை முறிந்தது. அதுவரை தத்தம் வேலிக்குள் வாடிக்கையாளரை வைத்திருந்த வியாபாரக் கணினிச் சேவைகள் 1993, 94ஆம் ஆண்டுகளில் ஒவ்வொன்றாக யூஸ்நெட்டின் கதவைத் திறந்துவிட்டன. அவற்றுள் ஒன்றான அமெரிக்கா ஆன்லைன் 1994இல் திறந்தது. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். வருவதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் முன்பு ஆண்டுக்கு ஒரு முறை வந்த கூட்டம் இப்போது ஒவ்வொரு நாளும் வந்தது. ஒரு கூட்டம் கற்று முடிப்பதற்குள் அதைவிடப் பெரிய கூட்டம் வந்து நின்றது. கற்றவர் தொகைக்கும் கல்லாதவர் தொகைக்கும் இருந்த விகிதம் தலைகீழாயிற்று. 1994 ஜனவரியில் பழைய பயனர் ஒருவர், 1993 செப்டம்பர்தான் முடிவே இல்லாத செப்டம்பர் என்று சரித்திரத்தில் நிற்கும் என்று வருந்தி எழுதினார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இதற்கு வந்தவர்களை மட்டும் பழிப்பது வழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்து கட்டணம் வாங்கிய நிறுவனங்கள், வாடிக்கையாளருக்கு விசைகளை எப்படி அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்த சிரத்தையில் சிறு பங்கையாவது, உள்ளே இருக்கும் மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்று சொல்லிக் கொடுப்பதில் செலுத்தியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

சில மாதங்களில் பெரிய அடி விழுந்தது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, அரிஸோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் வழக்கறிஞர்களாக இருந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற தம்பதியர், அமெரிக்கக் குடியேற்றச் சீட்டுக் குலுக்கலுக்கு மனுச் செய்து கொடுப்பதாக ஒரு விளம்பரத்தை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்களுக்கு அனுப்பினார்கள். வழக்கறிஞரின் உதவியின்றியே எவரும் மனுச் செய்யக்கூடிய விஷயம் அது. அவர்கள் அனுப்பிய விதத்தை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே கட்டுரையைப் பல குழுக்களுக்குப் பொதுவாகக் குறித்து அனுப்பினால், கணினி அதை ஒரே பிரதியாகச் சேமிக்கும். வாசகரும் ஒரு குழுவில் கண்டதை மற்றொன்றில் மீண்டும் காணமாட்டார். இவர்களோ ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பிரதியாக அனுப்பினார்கள். ஆகவே இசையைப் பற்றிப் படிக்கப் போனவரும் தோட்டக்கலையைப் பற்றிப் படிக்கப் போனவரும், போன இடந்தோறும் அதையே கண்டார்கள். கோபக் கடிதங்கள் குவிந்ததில் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் அஞ்சல் கணினி செயலிழந்தது. நிறுவனம் அவர்கள் கணக்கை முடித்துவிட்டது. அவர்கள் வருந்தவில்லை, இந்த வழியில் பணம் ஈட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். 1997இல் டென்னஸி மாநில உச்ச நீதிமன்றம் கேன்டரின் வழக்கறிஞர் உரிமையைப் பறித்தபோது அந்த விளம்பரமும் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் வழி திறந்துவிட்டது. அனுப்புகிறவனுக்குச் செலவில்லை, சுமை முழுவதும் பெறுகிறவனுக்கே என்ற கணக்கை உலகம் புரிந்துகொண்டுவிட்டது.

வாய்மொழியாகவும் பழக்கத்தாலும் நின்ற சம்பிரதாயம் தளரும்போது அதை ஏட்டில் எழுதி வைக்க முனைவது எல்லாச் சமூகத்திலும் நடப்பதே. 1994இல் வர்ஜினியா ஷே என்பவர் வலை மரியாதையைப் பற்றி ஒரு நூல் எழுதிப் பத்து விதிகள் வகுத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில், இணையத்தின் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமைப்பில், வலையைப் பொறுப்போடு பயன்படுத்துவதைப் பற்றி ஆராய அமைந்த குழுவின் சார்பில் இன்டெல் கம்பெனியைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த அறிக்கை, அத்தர வரிசையின் 1855ஆம் எண்ணோடு வெளிவந்தது. கோபத்தில் எழுதிய விடையை ஓர் இரவு வைத்திருந்து பிறகு அனுப்புவதே நலம். தபால் கார்டில் எழுதத் துணியாததை மின்னஞ்சலிலும் எழுதலாகாது. ஒரு குழுவில் ஓரிரு மாதம் படித்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும். அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்பன போன்ற அறிவுரைகள் அதில் உள்ளன. கடைசியாகச் சொன்னது உண்மையில் கணினிகளுக்கு வகுத்த விதி. ஒரு கணினி தான் அனுப்புவதை இலக்கணம் வழுவாமல் அனுப்ப வேண்டும், பிறிதொன்று அனுப்புவதில் சிறு வழு இருந்தாலும் பொறுத்து ஏற்க வேண்டும் என்று ஜான் போஸ்டல் என்ற இணைய முன்னோடி 1980இல் எழுதியிருந்தார். யந்திரங்களுக்கு எழுதிய தர்மம் மனிதருக்கும் அப்படியே பொருந்திற்று.

நம் நாட்டின் கதை இங்கே வந்து இணைகிறது. சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில உயர்கல்வி நிலையங்கள் 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையின் மூலம் இந்த உலகத்தோடு தொடர்பு கொண்டிருந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்த தமிழ் மாணவர்கள், யூஸ்நெட்டில் தமிழுக்கென அமைந்த குழுவில், தமிழ் எழுத்துக்கு வழியில்லாமல் ரோமன் எழுத்தில் தமிழை எழுதி இலக்கியமும் அரசியலும் பேசிக்கொண்டிருந்தார்கள். பொதுமக்களுக்கோ வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் மூலம் இணையம் வந்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி. அதாவது, பழைய ஆசிரியர்கள் களைத்து ஓய்ந்து, கற்பிக்கும் முறை முறிந்த பிறகு, விதிகளை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த அந்த வேளையில் நாம் உள்ளே நுழைந்தோம். பின்னர் கைபேசி மூலமாக வந்த கோடானுகோடிப் பேருக்கு அந்த ஏடும் காட்டப்படவில்லை. நம் மக்கள் இயல்பிலே விநயம் குறைந்தவர்கள் அல்லர். விருந்தினரை உபசரிக்கவும் பெரியவர் முன்னே சொல்லை அளந்து பேசவும் அறிந்தவர்கள். இந்தப் புதிய கூடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் வாசலில் நிற்கவில்லை.

எழுதியது நிலைக்கும் என்ற பாடத்தைப் பழைய சமூகமே காலந்தாழ்த்தித்தான் கற்றது. யூஸ்நெட் கட்டுரைகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடும் என்று நம்பித்தான் பலர் மனம் போனபடி எழுதினார்கள். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் என்பவரோ, 1981 முதல் பத்தாண்டுகள் வந்த கட்டுரைகளை 141 காந்த நாடாக்களில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இருபது லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருந்த அந்தப் பொக்கிஷம் 2001இல் கூகுள் வெளியிட்ட இருபதாண்டுத் தொகுப்பில் சேர்ந்தது. மாணவப் பருவத்தில் ஒருவர் ஆத்திரத்தில் எழுதியது, அவர் பேராசிரியராகவோ நிர்வாகியாகவோ ஆன பிறகு எல்லோரும் தேடிப் படிக்கக்கூடியதாயிற்று. இன்றைய பிள்ளைகள் பதினான்கு வயதில் எழுதுவதும் படமெடுத்துப் போடுவதும் இதைவிடப் பன்மடங்கு உறுதியாகத் தங்குகின்றன என்பதை அவர்களுக்கு அச்சுறுத்தலாகச் சொல்லாமல் அன்போடு சொல்ல வேண்டும்.

கற்பிக்காமல் விட்டதைச் சட்டத்தால் ஈடு செய்துவிடலாம் என்று நம் அரசாங்கம் முயன்றதும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 66ஏ பிரிவு, மனம் புண்படும்படியான செய்தி அனுப்புவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. எது புண்படுத்துவது என்று அளவிட முடியாத அந்த வாசகம், சாதாரண விமரிசனம் எழுதியவர்களையும் கைது செய்யப் பயன்பட்டது. 2015 மார்ச் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. மிரட்டலையும் மோசடியையும் தண்டிக்கச் சட்டம் நிச்சயமாக வேண்டும். தாக்ஷிண்யத்தையும் நிதானத்தையும் சட்டத்தால் ஊட்ட முடியாது.

அவை இல்லாத இடத்தில் நேரும் விளைவு 2018இல் நம் முன்னே வந்து நின்றது. குழந்தை கடத்துகிறவர்கள் ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிப் பரவிற்று. அனுப்பியவர்களில் பலர் தாய்மார்களும் தகப்பன்மார்களும். நம் தெருக் குழந்தைகளைக் காப்பாற்றலாமே என்ற நல்லெண்ணத்திலேயே அனுப்பினார்கள். அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் தம் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு முதிய பெண்மணி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கடத்தல்காரி என்று சந்தேகிக்கப்பட்டுக் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் வேறு பல பகுதிகளிலும் இத்தகைய கொடுமைகள் நடந்தன. ஒரு செய்தியை அனுப்புவதற்குச் செலவே இல்லை என்று நாம் நினைத்திருந்தோம். செலவு இருந்தது, அதை யார் கொடுத்தார் என்பதைத்தான் நாம் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வீச்சில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய இயலாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு வேளைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கிற்று. அதே ஆண்டில் ட்விட்டர், ஒரு கட்டுரையைத் திறந்து பார்க்காமலே பிறருக்கு அனுப்ப முனைகிறவரிடம், முதலில் படிக்க வேண்டாமா என்று கேட்கத் தொடங்கியது. லாரி வாலின் நிரல் கேட்ட கேள்விக்கும் இதற்கும் முப்பத்தாறாண்டு இடைவெளி. இரண்டும் ஒரே ஞானத்திலிருந்து பிறந்தவை. ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. பழைய கேள்வி, உன் செயலுக்குப் பிறர் செலவு செய்கிறார்கள் என்று காரணத்தையும் கூடவே சொல்லிற்று. அதனால் கேட்டவர் யோசித்தார், யோசித்தவர் கற்றார். புதிய தடை பெரும்பாலும் காரணம் சொல்லாமல் கையைப் பிடித்து நிறுத்துகிறது. நிறுத்தப்பட்டவன் வேறு வழி தேடுகிறான்.

ஆகவே குழந்தைக்கும், புதிதாகக் கைபேசி வாங்கிய பாட்டனாருக்கும், நாம் கற்பிக்க வேண்டியது விதிகளின் பட்டியலைக் காட்டிலும் அவற்றின் காரணத்தையே. இதை நான் அனுப்பினால் யாருடைய நேரம் போகும், யாருடைய மனம் வருந்தும், யாருடைய மானமோ உயிரோ ஆபத்துக்குள்ளாகும் என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் மற்ற விதிகளை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். வகுப்பில் ஆசிரியர் ஒரு வதந்தியை எடுத்துக்கொண்டு, அது எங்கே புறப்பட்டது, யார் யார் கைவழியே வந்தது, எந்தக் கையில் நின்றிருக்கலாம் என்று மாணவர்களோடு சேர்ந்து தேடிப் பார்க்கலாம். குடும்பக் குழுவில் ஒரு பெரியவர் பொய்ச் செய்தியைப் போட்டுவிட்டால், எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திருத்தாமல் தனியே அழைத்து, “மாமா, இது பழைய படம், வேறு ஊரில் எடுத்தது” என்று பக்குவமாகச் சொல்லலாம். நீக்கும் பெருமையை அவருக்கே விட்டுவிடலாம்.

இதற்கெல்லாம் அரசாங்க ஆணையும் வேண்டாம், பாடத்திட்டம் வந்து சேரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு செப்டம்பரில் வந்து கற்றவர்கள் அடுத்த செப்டம்பரில் வந்தவர்களுக்குக் கற்பித்தார்கள். ஓர் ஆண்டு மூப்பு அதற்குப் போதுமான தகுதியாயிருந்தது. நமக்குப் பின்னால் வந்து நிற்பவர் யாரானாலும், அவருக்கு நாம் மூத்தவரே.